வெள்ளைச் சோறும் வெளிறிய குழந்தையும்

தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்லும் தகவல் இது. இன்னொரு கணக்கு 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் இருக்கிறது. இதே மாநிலத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது அது. 2015–16-இல் நடந்த நான்காவது ஆய்வில் இந்த எண்ணிக்கை 50.7 சதவீதமாக இருந்தது.

"கறி, மீன் சாப்பிடாத பிள்ளைக்கு ரத்தம் எப்படி ஊறும்?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்கள் சொல்வது முழுக்க உண்மையென்றால், சைவர்கள் இரண்டு மூன்று சதவீதமே இருக்கும் ஒரு மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் வெளிறிப் போயிருக்கக் கூடாது. எங்கேயோ கணக்கு உதைக்கிறது. அது எங்கே என்று பார்க்கக் காவிரி டெல்டாவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மூன்று வேளையும் அரிசியை மையமாக வைத்தே சமைத்துப் பழகிய மண் இது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மூன்று வயதுக் குழந்தை என்ன சாப்பிடுகிறது? காலையில் எழுந்ததும் பால், பல வீடுகளில் டீயும் பன்னும். பிறகு சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. மதியம் நெய் விட்ட பருப்புச் சாதம், கொஞ்சம் ரசம் சாதம். மாலையில் பாலும் பிஸ்கட்டும். ராத்திரி தயிர்ச் சாதம், இல்லையென்றால் பால்சோறு. இந்தப் பட்டியல் சைவ வீட்டுக் குழந்தைக்கும் பொருந்தும், அசைவ வீட்டுக் குழந்தைக்கும் பொருந்தும். அசைவ வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், வண்டிக்காரர் வந்தால் மீன் வாங்குவார்கள். செவ்வாய், வெள்ளி கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. எடுக்கிற நாளிலும் "காரம், முள்ளு" என்று சின்னதுக்குக் குழம்பை மட்டும் தொட்டுப் பிசைந்து ஊட்டிவிடுகிறோம். வீடு அசைவமாக இருந்தாலும் குழந்தையின் தட்டு பெரும்பாலான வேளைகளில் சைவம்தான். ஆகையால் சைவ உணவில் வளரும் குழந்தைக்கு இரும்பு எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வியை அக்கிரகாரத்துக்கும் சைவப்பிள்ளைமார் தெருவுக்கும் மட்டும் உரியதென்று ஒதுக்க முடியாது. டெல்டாவின் எல்லாத் தெருக்களுக்கும் அது உரியது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, தீட்டிய பச்சரிசி 100 கிராமில் இருக்கும் இரும்பு 0.65 மில்லிகிராம். புழுங்கலரிசியில் 0.72. நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று அதே நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் பரிந்துரைத்தது 11 மில்லிகிராம். ஐந்து வயதுப் பிள்ளை நாள் முழுக்க 150 கிராம் அரிசி சாப்பிட்டாலும் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். சாம்பாரிலும் பருப்புச் சாதத்திலுமாக 25 கிராம் துவரம்பருப்பு போனால் இன்னொரு மில்லிகிராம். பாலிலும் தயிரிலும் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு இரும்பு இல்லை. காய்கறியைத் தாராளமாக வைத்தாலும் மொத்தம் மூன்றைத் தாண்டுவது கஷ்டம். வயிறு நிறைகிறது, தட்டு காலியாகிறது, தேவையில் முக்கால் பங்கு பாக்கி நிற்கிறது.

தட்டில் இருக்கிற இரும்பெல்லாம் இரத்தத்துக்குப் போய்விடுவதும் இல்லை. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற மூலக்கூறுக்குள் பொதிந்து வருகிறது. குடல் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பு ஹீம் இல்லாத தனி இரும்பு. குடலின் உட்சுவரில் இருக்கும் ஒரு நொதி முதலில் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால்தான் செல்லுக்குள் நுழையும் வழி திறக்கும். அதற்குள் தானியத் தவிட்டிலும் பருப்புத் தோலிலும் உள்ள பைட்டேட், டீ காபியில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், பாலின் சுண்ணாம்புச்சத்து இவற்றில் ஏதாவது ஒன்று அந்த இரும்பைப் பற்றிக்கொண்டுவிட்டால் அது மலத்தோடு போய்விடும். இதனால் தாவர இரும்பு சேரும் அளவு 2 முதல் 20 சதவீதம் வரை ஏறி இறங்குகிறது. மேலே சொன்ன 11 மில்லிகிராமில் இந்தச் சேதாரமும் அடக்கம். உண்மையில் குழந்தையின் உடலுக்குள் போகவேண்டியது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு.

2 முதல் 20 வரை என்ற அந்த இடைவெளிக்குள்தான் சைவக் குழந்தையின் வாய்ப்பு இருக்கிறது. உடம்புக்கு இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது. ஆகவே உள்ளே விடும் இடத்திலேயே அளவு பார்க்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இது. வாய்க்கால் மதகைப்போலக் குடல் செல்களில் ஒரு கதவு உண்டு. சேமிப்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் கூடும், கதவு இறங்கும். சேமிப்பு வற்றினால் ஹெப்சிடின் குறையும், கதவு ஏறும், அதே சாப்பாட்டிலிருந்து பல மடங்கு இரும்பு உள்ளே போகும். கறி சாப்பிடாத சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

கனடாவின் டொரண்டோ நகரத்தில் 2008 முதல் 2019 வரை 8,907 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகள். அவர்களில் 248 பேர் சைவம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவில் சைவக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. உயரத்திலும் இல்லை. ஆனால் எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு சைவக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. சைவ வீட்டுப் பெற்றோர் இந்த ஆய்வைப் பார்த்து நிம்மதி அடையலாம், ஆனால் அதை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. கனடாவில் வெள்ளைக் கோதுமை மாவில் இரும்பு சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அங்கே குழந்தைக்கு முதலில் ஊட்டும் தானிய உணவுகளிலும் இரும்பு கலந்திருக்கும். அந்த ஊர்ச் சைவமும் நம் ஊர்ப் பால்சோற்றுச் சைவமும் ஒன்றாகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் ஹெப்சிடின் கூடிவிடும். கிருமிகளும் இரும்பைத் தின்று வளர்பவை என்பதால், நோய்க்காலத்தில் உடம்பு கதவை இறக்கிவிடுகிறது. மாதத்துக்கு ஒரு தடவை சளியும் பேதியுமாக இருக்கும் குழந்தைக்கு முருங்கைக்கீரையை எவ்வளவு ஊட்டினாலும் பாதி நாள் கதவு மூடியே இருக்கும். கொக்கிப்புழு இருந்தால் சேர்ந்ததும் குடல் வழியாகக் கசியும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரைக்கும், வீட்டில் கழிப்பறை கட்டுவதற்கும், காலில் செருப்பு போடுவதற்கும், இரத்தத்தின் சிவப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அரிசி விஷயத்துக்கு வருவோம். இரும்பு நெல்மணியின் மேல்தோலிலும் முளையிலும் செறிந்திருக்கிறது. தீட்டத் தீட்டத் தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கலரிசி உயர்ந்தது என்று டெல்டாக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் உள்ளே இறங்கிவிடும். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் மெக்கரிசன் என்ற ஆய்வாளரும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் அரிசியைப் பற்றி நடத்திய ஆய்வுகள், தயமின் குறைவால் வரும் பெரிபெரி என்ற நோய் பச்சரிசிச் சீமைகளைத் தாக்கியதையும் புழுங்கலரிசி சாப்பிட்டவர்களை விட்டுவைத்ததையும் விளக்க உதவின. ஆனால் தயமின் இறங்குவதுபோல இரும்பு இறங்குவதில்லை. மேலே பார்த்த 0.65-க்கும் 0.72-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். பெரிபெரியிலிருந்து காப்பாற்றிய புழுங்கலரிசி சோகையிலிருந்து காப்பாற்றாது. 1967-இல் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறு ஆய்வகமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் அமைப்பு நெல் அவிப்பதைச் சீராக்கவே பிறந்தது. டெல்டாவின் அறிவு முழுக்க அரிசிமணியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் என்ன வைத்துச் சாப்பிடுகிறோம் என்பதில் அந்த அளவு அக்கறை வரவில்லை.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக்கவுனி என்று பாரம்பரிய நெல்லுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவருடைய உழைப்பை நான் வணங்குகிறேன். தவிடு நீக்காத சிவப்பரிசியில் இரும்பு கூடுதல் என்பதும் சரி. அதே தவிட்டில் பைட்டேட்டும், அந்தச் சிவப்பு நிறத்தைத் தரும் துவர்ப்புப் பொருள்களும் கூடுதலாக இருக்கின்றன. இரும்பு தட்டில் ஏறும், குடலில் இறங்காது. நார்ச்சத்துக்காகவும், நிலத்துக்காகவும், ருசிக்காகவும் அதைச் சாப்பிட நிறையக் காரணம் உண்டு. குழந்தையின் சோகைக்கு அதை மருந்தாக நம்புவது ஆபத்து.

இதைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று பழைய சோற்றைப் பற்றி உலவுகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறினால் 73.91 மில்லிகிராமாக உயர்ந்துவிடும் என்று கைப்பேசிகளில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. படித்தவர்களும் மேடையில் சொல்கிறார்கள். இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிரால் வைட்டமினை உண்டாக்க முடியும், அமிலத்தை உண்டாக்க முடியும், ஒரு அணு இரும்பைக்கூட உண்டாக்க முடியாது. பானைக்குள் போனது எவ்வளவோ அவ்வளவுதான் வெளியே வரும். அரிசியிலேயே ஒரு மில்லிகிராம் இல்லாதபோது, தண்ணீர் ஊறிப் பருத்த சோற்றில் 73 எங்கிருந்து வரும்? பாத்திரமோ தண்ணீரோ இரும்பைக் கொடுத்தால் தவிர வழியில்லை. பழைய சோற்றின் உண்மையான நன்மை வேறு. புளிக்கும்போது உண்டாகும் அமிலம் பைட்டேட்டின் பிடியைத் தளர்த்துகிறது, இருக்கிற கொஞ்சம் இரும்பு எளிதாகச் சேர்கிறது. இட்லி மாவு புளிப்பதிலும் இதே நன்மை உண்டு. இந்த அளவில் அதைப் பாராட்டினால் போதும். 73 மில்லிகிராமை நம்பி ஒரு தாய் குழந்தைக்குச் சத்து மருந்தை நிறுத்திவிட்டால் அந்த நம்பிக்கையால் குழந்தைக்குத்தான் கேடு.

பாத்திரம் என்றதும் சொல்லவேண்டியது இருக்கிறது. எத்தியோப்பியாவில் குழந்தைகளுக்கு இரும்புப் பானையில் சமைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அலுமினியப் பானையில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளைவிட இரும்புப் பானைக் குழந்தைகளின் ஹீமோகுளோபின் ஓராண்டில் தெளிவாக உயர்ந்திருந்தது. புளிப்பான பண்டம் இரும்பை அதிகம் கரைக்கும். தக்காளித் தொக்கையோ புளி விட்ட கீரையையோ இரும்புச் சட்டியில் வதக்கினால் நிறம் கறுக்கும், அந்தக் கறுப்பில் இரும்பு இருக்கிறது. நம் பாட்டிமார் வீட்டில் இருந்த இரும்புச் சட்டியை எடுத்துப்போட்டுவிட்டு ஒட்டாத தவாவுக்கு வந்ததில் இந்த இழப்பும் ஒன்று.

பாலைப் பற்றிப் பேசாமல் டெல்டாக் குழந்தையின் இரும்பைப் பற்றிப் பேச முடியாது. "சாப்பிடவே மாட்டேங்குது, பால் மட்டும்தான் குடிக்குது" என்று குழந்தை மருத்துவரிடம் சொல்லாத தாய் அரிது. சாப்பிடாததால் பால் கொடுக்கிறோம், பால் குடிப்பதால் பசியெடுக்காமல் சாப்பிடுவதில்லை. இரும்பு குறைந்தால் பசியும் மந்திக்கும். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுழல்கின்றன. பாலில் இரும்பு இல்லை, அதன் சுண்ணாம்புச்சத்து அதே வேளைச் சாப்பாட்டின் இரும்பையும் தடுக்கும், ஒரு வயதுக்கு முன் பசும்பால் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் உண்டாகும். சுண்ணாம்புச்சத்தின் தடை ஒரு வேளை ஆய்வுகளில் பெரிதாகத் தெரிந்தாலும் பல மாதக் கணக்கில் அவ்வளவு இல்லை. என் கணிப்பில் பாலின் முதல் குற்றம் வயிற்றில் அது அடைத்துக்கொள்ளும் இடம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு அரை லிட்டர் என்பது மேல்வரம்பு. தயிர்ச் சாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை ஒரு வேளைக்கு வைத்துக்கொண்டு, பருப்பும் கீரையும் இருக்கும் வேளையில் பாலும் தயிரும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். டீ, காபி குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோற்றுணவோடு தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு சேரும் அளவு பாதிக்கும் கீழே போயிற்று. கும்பகோணம் காபியின் மணத்தில் வளர்ந்த வீடுகளில் "ஒரு வாய்தானே" என்று குழந்தைக்கு நீட்டும் டம்ளரையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

இத்தனைக்கும் அக்கறை காட்டவேண்டிய காலம் முதல் இரண்டு வருடம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து வாங்கிவந்த இரும்பை வைத்து நாலு முதல் ஆறு மாதம் வரை ஓட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேர் சோகையோடு இருக்கும்போது, பல குழந்தைகள் பாதிச் சேமிப்போடுதான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. பிறந்ததும் தொப்புள்கொடியை ஓரிரு நிமிடம் தாமதித்துக் கட்டினால் கணிசமான இரத்தம் குழந்தைக்குப் போய்ச்சேரும் என்பதால் மருத்துவமனைகளில் இப்போது அதை வலியுறுத்துகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலின் இரும்பு போதாது. மூளை வேகமாக வளரும் பருவமும் அதுவே. கோஸ்டாரிகாவில் பெட்ஸி லோசாஃப் என்ற மருத்துவர், கைக்குழந்தைப் பருவத்தில் கடும் இரும்புக் குறைவு இருந்தவர்களை 19 வயதுவரை பின்தொடர்ந்தார். அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். அதற்காக எல்லாக் குழந்தைக்கும் மருந்து ஊற்றினால் புத்தி கூடிவிடும் என்று முடிவுகட்டவும் முடியவில்லை. வங்கதேசத்தில் 3,300 குழந்தைகளுக்கு எட்டாவது மாதத்திலிருந்து மூன்று மாதம் இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. சோகை குறைந்தது, ஆனால் அறிவு வளர்ச்சியில் உடனடி மாற்றம் தெரியவில்லை. குறைவு வந்தபின் துரத்துவதைவிட வராமல் பார்ப்பது மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிறிப்போன எல்லாக் குழந்தைக்கும் இரும்புதான் குறை என்று நினைப்பதும் பிழை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் இறுதியில் பம்பாயிலும் பிறகு குன்னூரிலும் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, இரும்புக்கு மசியாத ஒரு வகைச் சோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்ததைப் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் கண்டார்கள். 1962-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் நால்வரும் வைட்டமின் பி12 குறைவால் வாடிய இந்தியக் கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள். தாய்மார் உடலிலேயே பி12 இல்லாததால் பாலிலும் இல்லை. சோகையோடு சோர்வும் கைநடுக்கமும் தோல் கறுப்பும் இருந்த அந்தக் குழந்தைகள் பி12 கொடுத்ததும் மளமளவென்று தேறின. செடிகொடிகளில் பி12 கிடையாது. இரும்பைக் கீரை, பருப்பில் தேடிக்கொள்ளலாம். பி12-க்குச் சைவ வீட்டில் பால், தயிர், மோரைத் தவிர வேறு வழி இல்லை, பாலையும் விட்ட வீட்டில் மாத்திரைதான் வழி. பாலை அளவோடு வையுங்கள் என்று சொல்கிற நானே பாலை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வது இதற்காகத்தான்.

சரி, பதினொன்றை எட்டுவது எப்படி? விடை டெல்டா வயலிலேயே கிடக்கிறது. சம்பாவும் தாளடியும் அறுப்புக்கு வருவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது இங்கே வழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் அவை வளர்ந்துவிடும். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் அறுத்தபின் வரும் இந்தத் தரிசுக்கென்றே ஏற்ற உளுந்து, பயறு ரகங்களைக் கொடுத்திருக்கிறது. தோலோடு கூடிய உளுந்து 100 கிராமில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் இரும்பு. அதே வயலில் விளையும் அரிசியைவிட எட்டு மடங்குக்கும் மேல். பெண் குழந்தை பெரியவளானதும் உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொடுக்கிற நாம், அதே களியைப் பத்து வருடம் முன்னாலேயே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் கொடுக்கக் கூடாது?

ஒரு நாளை இப்படி மாற்றலாம். இட்லி மாவில் உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, தோலோடு அரைப்பது. காலையிலோ மாலையிலோ கேழ்வரகுக் கூழோ அடையோ. கேழ்வரகில் இரும்பு 4.6 மில்லிகிராம், ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் பைட்டேட் குறையும். மாலைப் பிஸ்கட்டுக்குப் பதில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் மட்டும் 2 மில்லிகிராம். எள்ளுருண்டை, கடலைமிட்டாய். மதியம் ஒரு கை அரைக்கீரையோ சிறுகீரையோ முருங்கைக்கீரையோ பருப்போடு கடைந்து. கூடவே வைட்டமின் சி வேண்டும். அது இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, பைட்டேட்டிடமிருந்து விடுவிக்கிறது. ஒரு வேளை ஆய்வுகளில் இரண்டு முதல் நாலு மடங்குவரை உயர்வு தெரிந்திருக்கிறது. கொய்யாவும் பெருநெல்லியும் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி கொண்டவை. சூட்டில் அழிந்துவிடும் என்பதால் எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழிய வேண்டும், நெல்லியைப் பச்சையாகத் துருவிச் சேர்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அரைக் கொய்யா என்பது ஏழை வீட்டிலும் முடிகிற காரியம். மீன் சாப்பிடும் வீடு என்றால் முள் எடுத்த ஒரு துண்டு மத்தியைப் பருப்புச் சாதத்தோடு பிசைந்து கொடுங்கள். மீனின் இரும்பு தவிர, அது பருப்பின் இரும்பையும் சேர்த்து உள்ளே இழுத்துச் செல்லும்.

அரசின் தட்டிலும் திருத்த இடம் இருக்கிறது. சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டையில் நல்ல புரதமும் பி12-ம் உண்டு, ஆனால் அதன் இரும்பு மஞ்சள்கருவின் ஒரு புரதத்தோடு இறுகிக் கிடப்பதால் அதிகம் சேராது. வாழைப்பழத்திலோ இரும்பும் இல்லை, புரதமும் இல்லை. முட்டையை மறுக்கும் குழந்தைக்கு ஈடு என்று கொடுத்தால் அது கடலைமிட்டாயாகவோ சுண்டலாகவோ இருக்க வேண்டும். கர்நாடகத்தில் கடலைமிட்டாய் கொடுத்திருக்கிறார்கள், இங்கே முடியாததற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. 2023 ஆகஸ்ட் 25-இல் நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். பசியோடு வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு உப்புமாவும் பொங்கலும் பெரிய வரம். அதோடு தினம் ஒரு துண்டு எலுமிச்சையும் வாரத்துக்கு இரண்டு நாள் பயறும் சேர்ந்தால் இரும்புக் கணக்கும் நேராகும்.

ரேஷன் அரிசியில் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய மணி கலந்து வந்திருக்கிறது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-ம். "பிளாஸ்டிக் அரிசி" என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அது அரிசி மாவைச் சத்தோடு பிசைந்து மணியாக அழுத்தியது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் இருக்கும் இரும்பு வகை மெதுவாகச் சேருவது. உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீடும் சோகையைக் குறைப்பதில் இதன் பலன் சொற்பம் என்றே கண்டது. அது ஓர் உதவி, அவ்வளவே. அதைக் காட்டிப் பருப்பையும் பயறையும் ரேஷனில் சுருக்கிவிடக் கூடாது.

மண், சிலேட்டுக்குச்சி, சாம்பல், திருநீறு, பச்சரிசி இவற்றைக் குழந்தை ஒளிந்து தின்றால் அடிக்காமல் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். இரும்புக் குறைவின் பழைய அடையாளம் அது. விளையாடச் சோம்பல், எரிச்சல், பசியின்மை, உள்ளங்கை வெளிறல் ஆகியவையும் அப்படியே. ஐந்து வயதுக்குள் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது பொதுவான அளவு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அதை 10.5 ஆக்கியிருக்கிறது. சேமிப்பு வற்றிய பிறகே ஹீமோகுளோபின் இறங்கும் என்பதால், முடிந்தால் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் குணமான பிறகு பார்க்க வேண்டும்.

2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டப்படி ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி சத்து மருந்து, ஐந்து முதல் ஒன்பது வயதுவரை வாரம் ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை, அதற்கு மேல் நீல மாத்திரை. அங்கன்வாடியில் தரும் பாட்டில் பல வீடுகளில் திறக்காமலே கிடக்கிறது. மலம் கறுப்பது கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பது இயல்பு. பாலோடு கொடுக்காமல் எலுமிச்சைச் சாறோடு, சாப்பாட்டுக்குச் சற்று முன்போ இடையிலோ கொடுங்கள், வயிறு வலித்தால் சாப்பிட்டபின் கொடுங்கள். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சோகை உறுதியாகி மருத்துவர் தினசரி மருந்து எழுதிக் கொடுத்தால், ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மருந்து உள்ளே போகவில்லை, இல்லையென்றால் குறை இரும்பில் இல்லை. ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது. எண் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் மருந்து தொடர்ந்தால்தான் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பு நிரம்பும்.